பதினாறாவது ரீலில் வந்தது யார்?

செண்பகனூர்
3-2-1962

சம்பந்தி அம்மாள் கித்தேரியம்மாள் அவர்களுக்கு மரியசூசை எழுதுவது.

எழுத்துக் கோணல்மாணலாக இருப்பதைப் பொறுத்துக்கொள்ளவும். சில எழுத்துக் கோட்டுக்கு மேலே ஏறிவிடுகிறது, சில கீழே இறங்கிவிடுகிறது. கையை அழுத்தி எழுதுவதால் தாள் இரண்டு இடத்தில் கிழிந்தும் இருக்கிறது. ஆனாலும் இது நானே எழுதியது. அறுபத்தாறு வயதில் நான் எழுதுகிற முதல் கடிதம் உங்களுக்குத்தான் வருகிறது.

பிரசவத்துக்கு வந்த மகள் அடைக்கலமேரி, பிள்ளையைத் தொட்டிலில் போட்டு ஆட்டிக்கொண்டே எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். பாடப்புத்தகம் கிடையாது. ‘வெள்ளித்தேர்’ என்கிற சினிமாப் பத்திரிகைதான் பாடம். அதில் பெரிய எழுத்தெல்லாம் படத்தின் பெயர். சின்ன எழுத்தெல்லாம் நடிகை காலையில் என்ன சாப்பிட்டாள் என்பது. நான் இப்போது சின்ன எழுத்துக்கு வந்துவிட்டேன்.

துரைமார் பங்களாவில் தோட்டவேலை பார்த்த காலத்திலிருந்து கொடைக்கானல் கொட்டகையில் படம் பார்க்கிறேன். முன்பெல்லாம் ஆரம்பத்தில் எழுத்து ஓடும்போது பீடி பற்றவைத்துக்கொள்வேன். இப்போது எனக்கு அதுதான் படம். ஒப்பனை யார், உடை யார், நடனம் சொல்லிக்கொடுத்தது யார் என்று படிக்கிறேன். வேகமாக ஓடிவிடுகிறது. ஒரு படத்தின் எழுத்தை முழுவதும் படித்து முடிக்க மூன்று தடவை டிக்கெட் எடுக்க வேண்டியிருக்கிறது.

போன வருஷத்துப் படங்களில் சிறந்தது எது என்று பரிசு கொடுக்கப்போகிறார்களாம். ஐந்து படங்களைப் பொறுக்கிப் போட்டிருக்கிறார்கள். பத்திரிகையில் இருக்கும் சீட்டை வெட்டி, நமக்குப் பிடித்ததை எழுதி, மார்ச்சு மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும். ‘யானைக்கோட்டை இளவரசி’ அந்த ஐந்தில் ஒன்று. அதில் யானை நன்றாக நடித்திருந்தது. யானைக்குப் பரிசு இல்லையாம். ‘பட்டணத்துச் சம்பளம்’ இன்னொன்று. அதில் எல்லோரும் நாற்காலியில் உட்கார்ந்தே பேசுகிறார்கள். எழுந்து போய்ப் பேசினால் என்ன என்று தோன்றியது.

என் ஓட்டு ‘இரு வீட்டு விளக்கு’ என்ற படத்துக்கு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். சம்பந்திகள் இருவருக்கும் மனத்தாங்கல். பெண் தாய்வீட்டிலேயே தங்கிப்போகிறாள். கடைசியில் மாமியார் குடையை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்குகிறாள். அடுத்த காட்சியில் மருமகள் மாமியார் வீட்டில் விளக்கேற்றுகிறாள். மாமியாரே நேரில் போய் அழைத்து வந்திருக்கிறாள். கொட்டகையில் எல்லோரும் கைதட்டினார்கள்.

இதைச் செய்தியாகத்தான் எழுதுகிறேன். பேரன் சவரிமுத்து குப்புற விழுந்து, தவழ்ந்து, இப்போது பிடித்துக்கொண்டு நிற்கிறான். ஐந்தாம் மாதம் மாமியார் வந்து தாயையும் பிள்ளையையும் அழைத்துப்போவது நம்மில் வழக்கம். இப்போது எட்டாம் மாதம் நடக்கிறது.

இப்படிக்கு,
மரியசூசை


கன்னிவாடி
8-2-1962

சம்பந்தி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. உங்கள் எழுத்து என் மகன் ராயப்பன் எழுத்தைவிட நன்றாகவே இருக்கிறது. அவன் எழுதியதை மருந்துக்கடையில் கொடுத்தால் மருந்து தருவார்கள்.

நீங்கள் சொன்ன படம் இங்கே டூரிங் கொட்டகையில் மூன்று வாரம் ஓடியது. கொட்டகைத் துணியை ஒட்டித்தான் என் முறுக்குக்கடை இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். தினம் இரண்டு ஆட்டம். அந்தப் படத்தில் எனக்கு வசனம் எல்லாம் மனப்பாடம். எங்கே வேண்டுமானாலும் கேளுங்கள், சொல்கிறேன். மாமியார் எங்கேயும் போகவில்லை. பெண்ணைப் பெற்ற தகப்பன்தான் வண்டி கட்டிக்கொண்டு அழைத்து வந்து விடுகிறான். “வாம்மா, உள்ளே வா” என்று மாமியார் சொல்லுவாள். அந்தக் குரலுக்குத்தான் பரிசு கொடுக்க வேண்டும். கதாநாயகிக்குக் கொடுத்தால் நான் பத்திரிகை வாங்குவதை நிறுத்திவிடுவேன்.

வழக்கத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று பிள்ளையைக் கையில் ஏந்தி நிற்கப்போகிற ஞானத்தாய் யார் என்று என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோவிலுக்குள் போன பிறகுதான் உங்கள் கொழுந்தியாள் பிள்ளையை வாங்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். அப்பனைப் பெற்றவள் நான் குடையும் கையுமாகப் பின்னால் நின்றேன். பந்தியில் உட்காராமல் பஸ் ஏறியது அதனால்தான். அன்றிலிருந்து இன்றுவரை “வந்து அழைத்துக்கொண்டு போங்கள்” என்று உங்கள் வீட்டிலிருந்து ஒரு சொல் வரவில்லை. கூப்பிடாத வீட்டுக்கு எந்த மாமியார் போவாள்? படத்திலும் போகவில்லை.

பேரன் நிற்கிறான் என்று கேட்டுச் சந்தோஷம். பிடித்துக்கொள்ள நல்ல முக்காலியாகப் போடவும்.

கித்தேரியம்மாள்


செண்பகனூர்
17-2-1962

சம்பந்தி அம்மாளுக்கு மரியசூசை எழுதுவது.

உங்கள் கடிதத்தை நானே எழுத்துக்கூட்டி முழுவதும் படித்தேன். முக்காலி என்ற இடத்தில் மட்டும் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு எனக்குக் குழப்பம் வந்துவிட்டது. அந்தப் படத்தை நான் மூன்று தடவை பார்த்தவன். தகப்பன் வண்டி கட்டியதை ஒரு தடவையும் பார்க்கவில்லை. அடைக்கலமேரியைக் கேட்டேன். அவளும் ஒரு தடவை பார்த்தவள்தான்.

“யாரு வந்து கூட்டிட்டுப் போனா?”

“எனக்கு என்ன தெரியும்? மாமியா வாசல்ல நின்னாக. அப்புறம் பாத்தா இவ விளக்குப் பொருத்துறா.”

“அதான், மாமியாதான் வந்துருக்கா.”

“அப்பா, படத்துல யாரு வந்தா என்ன? இங்க யாரு வரப் போறாக, அதச் சொல்லுங்க.”

செவ்வாய்க்கிழமை அது. செவ்வாய்க்கிழமைதோறும் மாப்பிள்ளையின் லாரி கொடைக்கானலில் உருளைக்கிழங்கு ஏற்றிக்கொண்டு எங்கள் வீட்டு ரோட்டு வளைவு வழியாகத்தான் இறங்குகிறது. நிற்பதில்லை. வளைவில் தேவைக்கு மேலே ஒரு தடவை ஹாரன் அடிக்கும். இவள் தொட்டில் கயிற்றைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிடுவாள். நான் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கிற சோலி இருப்பதாகப் பின்பக்கம் போய்விடுவேன்.

மறுநாள் பஸ் கண்டக்டர் திருமலைச்சாமியிடம் கேட்டேன். மலையில் நடக்கிற எல்லாமும் அவருக்குத் தெரியும். சிரித்தார்.

“பெரியவரே, ஏழு மணிக்குக் கடைசி வண்டி. படம் முடிய ஏழு பத்து ஆகும். நான் எத்தன நாளு காத்துக் கெடக்க? அதான் ஆபரேட்டர் ஒரு ரீல எடுத்து வச்சுருவாரு. பாட்டும் இருக்காது, சண்டையும் இருக்காது, அந்த மாதிரி ரீலாப் பாத்து.”

“எல்லாப் படத்துலயுமா?”

“ஞாயித்துக்கிழமை ஆட்டத்துல எல்லாத்துலயுந்தான். மழைன்னா ரெண்டு ரீலு.”

“இந்தப் படத்துல எது?”

“பதினாறு. வண்டியில ஏறுற ஆளுக பேசிக்கிட்டாக.”

நான் பார்த்தது எல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். இத்தனை வருஷமாகப் படத்தில் ஆள் திடீரென்று செத்துப்போவதும், சண்டை போட்டவன் அடுத்த நிமிஷம் மாலையோடு நிற்பதும் கதை எழுதுகிறவர்களின் சாமர்த்தியம் என்று நினைத்திருந்தேன். பஸ்ஸுக்காக என்று இப்போதுதான் தெரிகிறது. கொடைக்கானலில் இது எல்லோருக்கும் தெரியுமாம். என்னிடம் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆகையால் பதினாறாவது ரீலை நான் பார்க்கவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மாமியார் குடையை எடுத்தது பதினைந்தாவது ரீல். குடையை எடுத்தவள் எங்கேயோ போகத்தானே எடுத்திருப்பாள்? அதையும் யோசிக்கவும்.

ஞானத்தாய் விஷயம் அந்த நேரத்தில் பெண்கள் பேசி முடித்தது. நான் பந்திக்கு இலை அறுத்துக்கொண்டிருந்தேன்.

மரியசூசை


கன்னிவாடி
21-2-1962

சம்பந்தி அவர்களுக்கு,

கடைசி பஸ்ஸுக்காகப் படத்தை வெட்டுகிற ஊரிலிருந்துகொண்டு நீங்கள் பரிசுக்கு ஓட்டுப் போடுகிறீர்கள். நல்லது.

இங்கே சேதி என்னவென்றால், அந்தப் படம் பரிசுப் பட்டியலில் வந்துவிட்டதால் கொட்டகைக்காரர் திரும்பவும் கொண்டுவருகிறார். மார்ச்சு மூன்றாம் தேதி சனிக்கிழமையும் மறுநாளும் மட்டும். முழுப்படம், எல்லா ரீலும். அதற்கடுத்த புதன்கிழமை விபூதித் திருநாள். அதன் பிறகு ஏப்ரலில் பாஸ்குத் திருநாள் வரைக்கும் நான் கொட்டகைப் பக்கம் கடை போடமாட்டேன். நீங்களும் தவக்காலத்தில் படம் பார்க்கமாட்டீர்கள். பாஸ்கு முடிவதற்குள் ஓட்டுப் போடுகிற தேதி போய்விடும்.

அதனால் படம் பார்க்க வாருங்கள். பெஞ்சு டிக்கெட் என்னுடையது. படத்துக்குத்தான் கூப்பிடுகிறேன், வேறு எதற்கும் இல்லை. ஆனால் நீங்கள் தனியாகத்தான் வர வேண்டும் என்றும் நான் எழுதவில்லை. பெண்கள் பக்கத்தில் இடம் நிறைய உண்டு.

ராயப்பனிடம் சொன்னேன். “பெரியவுக நீங்க பேசி முடிங்க. நடுவுல நான் யாரு?” என்று சொல்லிவிட்டு லாரிக்கு அடியில் படுத்துக்கொண்டான். எட்டு மாதமாக அந்த லாரிக்கு அடியில் ஏதோ ரிப்பேர். வீட்டில் அவனுக்குப் பேச ஆள் இல்லை. என்னோடு எவ்வளவுதான் பேசுவான்?

கித்தேரியம்மாள்


செண்பகனூர்
26-2-1962

சம்பந்தி அம்மாளுக்கு,

சனிக்கிழமை வெள்ளனே கிளம்பி, வத்தலக்குண்டில் பஸ் மாறி வருகிறேன். படம் பார்க்கத்தான் வருகிறேன். அடைக்கலமேரியும் படம் பார்க்கத்தான் வருகிறாள். பால்குடிப் பிள்ளையை வீட்டில் விட முடியாது என்பதால் பேரனும் வருகிறான்.

ஒரு தகரப்பெட்டியும் வரும். அதில் இருப்பது குளிருக்கு வேண்டிய துணி. கன்னிவாடியில் என்ன குளிர் என்று பஸ்ஸிலிருந்து இறங்கும்போது யாரும் கேட்க வேண்டாம்.

மரியசூசை


கன்னிவாடி
8-3-1962

சம்பந்தி அவர்களுக்கு,

நேற்று நெற்றியில் விபூதி வாங்கினோம். பேரன் அதை உடனே துடைத்து வாயில் வைத்துக்கொண்டான். சாமியார் பார்க்கவில்லை.

சனிக்கிழமை கொட்டகையில் ஊர் முழுக்க என்னைப் பார்த்துச் சிரித்ததால் சிலதை எழுத்தில் சொல்லிவிடுகிறேன். கொட்டகை வாசலில் கடை போட்டவளுக்கு உள்ளே வந்து உட்கார எப்போது நேரம்? இடைவேளைக்கு முறுக்கு வேண்டுமென்றால் படம் ஓடும்போது பிழிந்தால்தான் உண்டு. இத்தனை வருஷமும் நான் படத்தைத் துணிக்கு இந்தப் பக்கம் இருந்து காதால்தான் கேட்டேன். மாட்டுவண்டிச் சத்தம் வரும். “அப்பா!” என்று அந்தப் பெண் அலறுவாள். மறுபடி வண்டிச் சத்தம். “வாம்மா, உள்ளே வா.” தகப்பன்தான் கொண்டுவந்து விடுகிறான் என்று யார் கேட்டாலும் அப்படித்தான் நினைப்பார்கள். அதனால் நான் சொன்னதும் தப்பு, நீங்கள் சொன்னதும் தப்பு. சமம். மாமியார் குடையை எடுத்தது பால்காரனை அடிக்க. அதையும் நீங்கள் பார்த்தீர்கள்.

பதினாறாவது ரீலில் புருஷனே வண்டி கட்டிக்கொண்டு மழையில் போய் நிற்பான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வசனம் ஒன்றும் இல்லையே! நனைந்துகொண்டு சும்மா நிற்கிறான். சும்மா நிற்பது துணிக்கு வெளியே எப்படிக் கேட்கும்?

அந்த இடத்தில் ஆண்கள் பக்கமிருந்து ராயப்பனின் சிநேகிதன் கந்தவேல் கத்தினானே, “ஏலே ராயப்பா, அவன் மாட்டு வண்டியில போறான். ஒனக்கு லாரியே கெடக்கு, என்னலே ஒனக்கு!” என்று. கொட்டகையே குலுங்கியது. ராயப்பன் எழுந்து வெளியே போனான். கோபித்துக்கொண்டு போகிறான், இனி எல்லாம் கெட்டது, என்ன சொல்லியும் இவனை வீட்டுக்குள் கொண்டுவர முடியாது என்று நினைத்தேன். படம் விட்டதும் பெண்கள் வாசலில் வந்து நிற்கிறான். அடைக்கலமேரி கையிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த பிறகு என்னிடம் சொன்னான்: “அவ படம் பாக்க வந்தவ. நாம கூட்டிட்டு வரல. செவ்வாக்கிழமை லோடுக்குப் போறப்ப எல்லாரையும் ஏத்திட்டுப் போயி மேல விட்டுர்றேன்.” நீங்களும் எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்ததால் அவனைத் திட்டவும் முடியவில்லை. அன்று ராத்திரி ஜெபம் எதுவும் எனக்குச் சரியாக வரவில்லை. பெண்ணைத் திருப்பி அனுப்புகிறான் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். மேலே வந்து அவன் என்ன செய்தான் என்பதை அவன் இன்னும் எனக்குச் சொல்லவில்லை. சாயங்காலம் லாரி வந்து நின்றது. பெண்ணும் பிள்ளையும் இறங்கினார்கள். நானும் “வாம்மா, உள்ளே வா” என்றேன். வேறு வசனம் வரவில்லை.

நடந்ததை எழுதவும்.

கித்தேரியம்மாள்


செண்பகனூர்
10-3-1962

சம்பந்தி அம்மாளுக்கு மரியசூசை எழுதுவது.

நடந்ததை எழுதுகிறேன். லாரியில் முன்னால் மூன்று பேரும் பிள்ளையும் நெருக்கி உட்கார்ந்து வந்தோம். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும்வரை மாப்பிள்ளை பேசவில்லை. அடைக்கலமேரி ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பெருமாள்மலைப் பக்கம் பேரன் ஹாரனை அழுத்தக் கற்றுக்கொண்டான். அதற்குப் பிறகு யாரும் பேசியிருக்கவும் முடியாது.

எங்கள் வீட்டு வளைவில் லாரி நின்றது. பெட்டியை இறக்கி வைத்தார். “லோடு ஏத்திட்டு வர்றேன்” என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டார். அடைக்கலமேரி பெட்டியைத் திறக்காமல் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தாள். “அப்பா, என்னைய விட்டுட்டுத்தான் போறாக போல” என்றாள். நான் அடுப்பு மூட்டினேன். எனக்கும் அப்படித்தான் பட்டது. உண்மையைச் சொன்னால், அரிசியை மூன்று பேருக்கு அளந்தபோது மனத்தில் ஒரு ஓரத்தில் நிம்மதியாகக்கூட இருந்தது. இன்னொரு எட்டு மாதம் இவளும் பேரனும் என்னோடு இருப்பார்கள் என்று.

மதியம் மழை தூறியது. இரண்டு மணிக்குக் கிழங்கு மூட்டையோடு லாரி திரும்பி வந்தது. மாப்பிள்ளை இறங்கிக் கை கால் கழுவி, சட்டையை மாற்றிக்கொண்டு, வாசலில் வந்து நின்றார். வெள்ளைச் சட்டை. அதை லாரியில் மடித்து வைத்திருந்திருக்கிறார். உள்ளே வராமல் அங்கேயே நின்றார்.

“உள்ள வாங்க மாப்ள, நனையுறீகளே” என்றேன்.

“மாமா, நான் இவளக் கூட்டிட்டுப் போக வந்துருக்கேன்.”

“ஏன், காலையில நீங்கதான கொண்டாந்து விட்டீக?”

“அது படம் பாத்துட்டு வந்தவளக் கொண்டாந்து விட்டது. இது வேற.”

அடைக்கலமேரி உள்ளே இருந்து, “நல்லா வேற! வெரசா வந்து சாப்பிடுங்க, மலையில இருட்டிரும்” என்றாள். குரல் சண்டை போடுகிறவள் குரல். முகத்தைத் திருப்பிக்கொண்டாள், நான் பார்க்கவில்லை.

சாப்பிட்டார்கள். மாப்பிள்ளை மூன்று தடவை சோறு வாங்கினார். வெற்றிலை மடித்துக் கொடுத்தேன். நம் வழக்கப்படி சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அழைக்க வந்தவருக்கு மரியாதையாக ஒரு வேட்டியும் கொடுத்தேன். புது வேட்டி இல்லை, பெட்டியில் மடிப்புக் கலையாமல் இருந்தது. அவரும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

படத்தில் அந்தப் பெண் வண்டியில் ஏறும்போது “அப்பா!” என்று அலறுகிறாள். நானும் அதை எதிர்பார்த்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இவள் லாரியில் ஏறி உட்கார்ந்து, “தொட்டில் துணிய ஈரத்துல போட்டு வைக்காதீக, எலி கடிச்சுரும்” என்றாள். அவ்வளவுதான். லாரி வளைவில் திரும்பியது.

பரிசுச் சீட்டை நேற்று அனுப்பிவிட்டேன். சிறந்த படம் ‘இரு வீட்டு விளக்கு’ என்றே எழுதினேன். முழுதாகப் பார்த்தபோது முன்பு பார்த்ததைவிடக் கொஞ்சம் மட்டமாகத்தான் இருந்தது. பால்காரனை அடிக்கிற இடம் தேவையில்லை. இருந்தாலும் போட்டுவிட்டேன். குரலுக்குப் பரிசு கிடையாதாம். ஆகையால் மாமியாராக நடித்த அம்மாளுக்கு உங்கள் பேரைச் சொல்லி ஓட்டுப் போட்டிருக்கிறேன். திரையில் அவளைப் பார்த்ததும், “இவளா அது? இம்புட்டு ஒல்லியா!” என்று நீங்கள் உரக்கக் கேட்டது எனக்கு ஆண்கள் பக்கம்வரை கேட்டது.

ஞானத்தாய் விஷயத்தில் உங்களைக் கேட்டிருக்க வேண்டும். அடுத்த பிள்ளைக்கு நீங்கள்தான்.

ஒன்று யோசித்தேன். எட்டு மாதம் நீங்களும் நானும் யார் வருவது, யார் கூப்பிடுவது என்று பார்த்துக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளைக்கு ஒரு வரி எழுத வேண்டும் என்று நம் இருவருக்கும் தோன்றவில்லை. ஆகையால் வருகிற சனிக்கிழமைக் கடிதம் அவர் பேருக்கு வரும். ஒரு பக்கம் எழுத எனக்கு அரைநாள் ஆகிறது. புதன்கிழமையே ஆரம்பிக்க இருக்கிறேன். உறையின் மேலே ராயப்பன் என்று போட்டிருந்தால், சம்பந்தி அம்மாள் தயவுசெய்து பிரிக்க வேண்டாம்.

மரியசூசை